இரைப்பைக்குள் ஒரு விளக்கு

அந்த இருபத்து மூன்று நாளும் நான் கப்பலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்கிறவர்கள், நான் ஏதோ தீயிலும் குண்டிலும் சிக்கிப் பிழைத்து வந்தவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஈரானும் ஈராக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நான் ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் ஃபிட்டர். வளைகுடாவுக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், எங்கள் கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். உள்ளே போவதா வேண்டாமா என்று கம்பெனி முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய எஞ்சின் ஓடவில்லை, வேலை குறைவு. காலையில் துடைப்போம், எண்ணெய் போடுவோம். மாலையில் தளத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுவோம், கேரம் ஆடுவோம். கரையிலிருந்து கம்பெனி ஏஜெண்டின் படகு வந்தால்தான் கடிதம் கரைக்குப் போகும். படகு வரவில்லை. வராததைப் பற்றி எங்களில் யாரும் பெரிதாக எண்ணவில்லை. நல்ல சாப்பாடு, நல்ல காற்று. நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன்.

அதே நாள்களில் வளைகுடாவுக்குள் ஓர் எண்ணெய்க் கப்பல் தாக்கப்பட்டு எரிந்தது. அதில் இந்தியர்கள் இருந்ததாக வானொலியில் சொன்னார்கள். கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. காரைக்காலில் எங்கள் வீட்டில் அந்தச் செய்தியைக் கேட்டது என் மனைவி மட்டும்தான்.

எங்கள் குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பான். ஆகவே அது என் மாமியின் வீடு. மாமி, என் மனைவி, நான்கு வயது மகள், மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். மாமனார் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமிக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. மருமகன் போன திசையில் கப்பல் எரிகிறது என்று தெரிந்தால் தாங்கமாட்டார் என்று என் மனைவி ஒரு காரியம் செய்தாள். ரேடியோவின் பேட்டரிகளைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, ரேடியோ கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டாள். மாமி மதியம் கண்ணயரும்போது பேட்டரியை எடுத்துப் போட்டு, காதோடு காதாக வைத்துச் செய்தி கேட்பாள். கேட்டுவிட்டுத் திரும்பவும் பானைக்குள் போட்டுவிடுவாள்.

அவளிடம் தெருப் பெண்பிள்ளைகள் பதினைந்து பேர் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓத வருவார்கள். ஒரு நாள்கூட வகுப்பை நிறுத்தவில்லை. தொலைபேசி நிலையத்துக்குப் போய், பம்பாயில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு மூன்று முறை ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்தாள். இரண்டு முறை லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை கிடைத்தது. எடுத்தவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவளுக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'நோ'. எதற்கு நோ என்று தெரியாமலே வீட்டுக்கு நடந்து வந்தாள்.

நான் நல்லபடியாக வந்து சேரும்வரை தினம் நோன்பு பிடிப்பதாக நேர்ந்து நிய்யத்து வைத்தாள். மாமியிடம், ரமலானில் விட்டுப்போன நோன்பை அடைக்கிறேன் என்று சொன்னாள். தலைவலி மண்டையைப் பிளந்தது. நோன்பு திறந்ததும் கடைத்தெருவில் வாங்கிய தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டாள். தன் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. கொஞ்சம் அவள் சொன்னாள். கொஞ்சம் மாமி கண்டுபிடித்துச் சொன்னார். பேட்டரி விஷயம், மாமி பானையில் அரிசி அள்ளும்போது கையில் தட்டுப்பட்டது.

இருபத்து மூன்றாம் நாள் கப்பல் நங்கூரம் எடுத்து ஒரு துறைமுகத்துக்குப் போனது. என் ஒப்பந்தம் முடிந்திருந்தது. தந்தி கொடுத்துவிட்டு விமானத்தில் பம்பாய், ரயிலில் மதராஸ், பேருந்தில் காரைக்கால் என்று வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா," என்றாள். "முகம் கழுவிட்டு வாங்க, டீ போடுறேன்."

அவ்வளவுதான். அவள் குணம் அப்படி. அன்று பொழுது சாய்ந்து மக்ரிபில் கடைசி நோன்பைத் திறந்தாள். மறுநாள் பகல் முழுக்கத் தூங்கினாள். அதற்கடுத்த நாள் ஆட்டுக்கறி ஆக்கிச் சிரித்துப் பேசிச் சாப்பிட்டாள். முகத்தில் ரத்தம் ஊறி, கல்யாணத்தின்போது இருந்ததுபோல் இருந்தாள்.

நான் வந்த நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். பெட்டியைப் பிரித்தோம். வெளிநாடு போய்வந்த சபராளி பெட்டி பிரித்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் வந்துவிடுவார்கள். சோப்பு, துணி, பால் பவுடர், தைலம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அடியில் ஒரு குப்பி. அதற்குள் பொன்னிறத்தில், கண்ணாடிபோல் ஊடே பார்க்கக்கூடிய உருண்டை மாத்திரைகள். முட்டிவலிக்கு நல்லது, வயது தெரியாது என்று கப்பலில் ஒருவன் சொன்னதை நம்பி மாமிக்காக வாங்கியது.

மாமி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மீனெண்ணெயா தம்பி?"

"இல்ல மாமி. வைட்டமின் ஈ."

"தேன்துளி மாதிரி இருக்கு," என்றார்.

அப்போது என் மனைவி எழுந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். போய்ச் சேரவில்லை. கொல்லை வாசற்படியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். முதலில் கரியதாக, காப்பித்தூளைத் தண்ணீரில் கரைத்ததுபோல் வந்தது. பிறகு சிவப்பாகவே வந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பயப்பட்டதாகத் தெரியவில்லை. ஆச்சரியப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். இது எங்கேயிருந்து வந்தது என்பதுபோல.

அரசு ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் குளிர்ந்த நீரால் வயிற்றைக் கழுவினார்கள். அங்கிருந்த டாக்டர் நேர்மையாகப் பேசினார். "இப்போதைக்கு நின்ன மாதிரி இருக்கு. ஆனா எங்கேயிருந்து வடியுதுன்னு எனக்குத் தெரியல. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில விளக்கு வெச்ச குழாய் இருக்கு. உள்ள விட்டுக் கண்ணால பாத்துருவாங்க. உடனே கூட்டிட்டுப் போங்க."

கடைத்தெருவில் வாடகைக்கார் ஓட்டும் ஒருவரைப் பிடித்தோம். ஐம்பது தாண்டிய கிறிஸ்தவர். இளவயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் சிப்பாய்க்கான பிரெஞ்சு வார்த்தையால், ஊரில் எல்லாரும் அவரை சொல்தா என்றுதான் சொல்வார்கள். பின் இருக்கையில் என் மடியில் அவள் தலை. சலைன் பாட்டிலை ஜன்னலுக்கு மேலே கட்டியிருந்தோம். வரிச்சிக்குடி தாண்டும்போது வயலெல்லாம் தண்ணீர் நின்று வெயிலில் கண் கூசியது. அவள் உதடு வெளுத்திருந்தது. சீர்காழி, சிதம்பரம், கடலூர். சொல்தா ஹாரன் அடிக்கவே இல்லை. மெதுவாகப் பள்ளம் பார்த்து ஓட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கொஞ்சம் வேகமா போங்கண்ணே."

"பாய், தங்கச்சிக்குக் குலுங்கக் கூடாது," என்றார். "அடிபட்டவங்கள நான் வண்டியில ஏத்திருக்கேன். எப்படிக் கொண்டுபோகணும்னு எனக்குத் தெரியும்."

பாண்டிச்சேரியில் சாயங்காலம் சேர்த்தோம். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். என் ரத்தம் சேரவில்லை. நான் விழித்துக்கொண்டு நின்றபோது, வாடகை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டிய மனிதர் சட்டைக்குள் கையைவிட்டு ஒரு சங்கிலியை எடுத்தார். அதில் சிலுவையோடு ஒரு தேய்ந்த தகடும் தொங்கியது. பட்டாளத்தில் கொடுத்த தகடு. அதில் ரத்தப் பிரிவு பொறித்திருந்தது. நர்ஸ் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் ஒருமுறை சோதித்துக்கொள்கிறோம் என்று அவரை உள்ளே அழைத்துப் போனாள். சேர்ந்தது. அரை மணி நேரம் கழித்து முழங்கையை மடக்கிக்கொண்டு வந்தவர், டீ குடித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தபோது அவள் உதட்டில் இளஞ்சிவப்பு திரும்பியிருந்தது. ஒரு மனிதன் இன்னொரு உயிருக்குள் இப்படிப் போய்ச் சேர முடியும் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அன்று காலையில்தான் அந்தக் குழாயைப் பார்த்தேன்.

என்னைவிடச் சில வயது இளைய ஒரு பெண் மருத்துவர். மெலிந்தவர், சோடாபுட்டிக் கண்ணாடி, கேள்விமேல் கேள்வி கேட்பவர். என் மனைவியிடம் மாத்திரை, நோன்பு, தூக்கம் எல்லாவற்றையும் விசாரித்து எழுதிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"கப்பல்ல நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"எஞ்சின் ரூம் ஃபிட்டருங்க."

"ரத்தத்தப் பாத்தா மயக்கம் போடுவீங்களா?"

"தெரியலைங்க. எண்ணெய்தான் பாத்துருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "மாணவர்கள் பாக்குறதுக்கு இதுல பக்கவாட்டுல இன்னொரு குழாய் இருக்கு. இன்னிக்கு மாணவர்கள் இல்ல. உங்க மனைவி சம்மதிச்சா நீங்க பாக்கலாம். நீங்க புரிஞ்சுக்கிட்டா அவங்களுக்கும் நல்லது."

அவள் கண்ணை மூடித் திறந்து சம்மதம் சொன்னாள். தூக்க ஊசி போட்டார்கள். தொண்டையில் மரக்கச் செய்யும் மருந்து அடித்தார்கள். இடப்பக்கமாகப் படுக்கவைத்து, சுண்டுவிரல் பருமனுள்ள கறுப்புக் குழாயை வாய் வழியாக விட்டார்கள். மருத்துவர் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே உள்ளே செலுத்தினார். பிறகு, "வாங்க," என்றார்.

நான் பக்கக் குழாயில் கண்ணை வைத்தேன்.

எதை எதிர்பார்த்தேன் என்று கேட்டால், கறிக்கடையில் தொங்கும் குடலை எதிர்பார்த்தேன். நான் பார்த்தது அதுவல்ல. வட்டமான வெளிச்சத்துக்குள் ஓர் அறை. சுவரெல்லாம் இளஞ்சிவப்பு, நாக்கின் அடிப்புறம்போல் ஈரமாக மின்னியது. மணலில் அலை விட்டுப்போன வரிகள்போல் மடிப்புகள். அந்த மடிப்புகள் சும்மா இருக்கவில்லை. ஒரு மூலையிலிருந்து மெல்லச் சுருங்கி, நெளிந்து, இன்னொரு மூலைக்குப் போய் அடங்கின. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அது வேலை செய்துகொண்டிருந்தது. இருபத்தேழு வருடங்களாக இருட்டிலேயே இருந்த இடம். பிறந்ததிலிருந்து ஒருதரம்கூட வெளிச்சம் படாத இடம். அங்கே ஒரு விளக்கு எரிகிறது, என் கண் அதைப் பார்க்கிறது. சுபுஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

"சுவத்துல சிவப்பு சிவப்பாத் தெரியுதா?" என்றார் மருத்துவர்.

அப்போதுதான் கவனித்தேன். மேல்பாதியில், கொசு கடித்ததுபோலப் புள்ளிகள். பத்து, இருபது, அதற்குமேல் எண்ண முடியவில்லை. சில இடங்களில் தோல் உரிந்த முழங்கால்போலக் கீறல். ஒன்றின்மேல் கறுப்பாக ரத்தம் உறைந்து, அதன் ஓரத்தில் ஒரு துளி மெதுவாக ஊறி, வழிந்தது.

"இது புண்ணுங்களா?"

"பெரிய புண் ஒண்ணும் இல்ல. மேல்தோல் மட்டும் அங்கங்க அரிச்சிருக்கு. அந்தத் தலைவலி மாத்திரையும் ஒரு காரணம். வெறும் வயித்துல அது சும்மா விடாது. ஆனா இவ்வளவு இடத்துல, அதுவும் மேல்பக்கமா இப்படி இருந்தா, நாங்க இன்னொண்ணையும் கேப்போம். பெரிய தீக்காயம், பெரிய ஆபரேஷன், இல்லன்னா தாங்க முடியாத பயம். உங்க மனைவிக்கு எது?"

நான் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய இருபத்து மூன்று நாளும் என் கண்ணுக்கு முன்னால் ஒரு சுவரில் புள்ளி புள்ளியாக இருந்தது. நான் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், குண்டு எதுவும் விழாத ஒரு வீட்டுக்குள், ஒரு பெண்ணின் உடம்புக்குள் இது நடந்திருக்கிறது. ஒரு செய்தி காது வழியாகப் போய், எந்த ஆயுதமும் இல்லாமல் ரத்தம் வரவைத்திருக்கிறது.

அன்று மாலை வார்டுக்கு வெளியே மர பெஞ்சில் அந்த மருத்துவரிடம் கேட்டேன். என்னை உறுத்திக்கொண்டிருந்த கேள்வி அது.

"டாக்டரம்மா, நான் இல்லாதப்போ அவ நல்லாத்தான் இருந்திருக்கா. நான் வந்து, பயமெல்லாம் போனதுக்கு அப்புறம் ஏன் ரத்த வாந்தி எடுத்தா?"

அவர் கிளம்ப எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"அது நல்ல கேள்வி. எங்களுக்கே முழுசாத் தெரியாது. இப்பத்தான் சிலர் ஒரு மாதிரி யோசிக்கிறாங்க. பயந்தா உடம்பு வயித்துக்குப் போற ரத்தத்தக் குறைச்சுடும். ஓடணும், தப்பிக்கணும்னு கைக்கும் காலுக்கும் குடுக்கும். அப்ப வயித்தோட சுவர் பட்டினி கிடக்குது. அது கெடுதல்தான். ஆனா ரத்தம் திரும்பி வருது பாருங்க, அப்பத்தான் அதைவிடக் கெடுதல் நடக்குதுன்னு சொல்றாங்க. ரத்தத்தோட ஆக்ஸிஜன் வரும். பட்டினி கிடந்த இடத்துல அது திடுதிப்புனு வந்து இறங்குனா, அதுல ஒரு பங்கு திரிஞ்சுபோய் அக்கம்பக்கத்த அரிச்சுடும். இரும்பத் துரு அரிக்கிற மாதிரின்னு வெச்சுக்குங்களேன்."

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் இது எனக்குத் தெரிந்த விஷயம்.

"எங்க பாய்லர்லயும் அப்படித்தாங்க," என்றேன்.

"எப்படி? சொல்லுங்க."

"பாய்லர் ஓடிக்கிட்டு இருக்குற வரைக்கும் குழாய்க்கு ஒண்ணும் ஆகாது. நிறுத்திப் போட்டாத்தான் காத்து உள்ள போய்த் தண்ணியில கலந்து, குழாய்ல புள்ளி புள்ளியா அரிச்சு வெச்சுடும். அப்ப வெளிய ஒண்ணும் தெரியாது. திரும்பப் பத்தவெச்சு அழுத்தம் ஏறும்போதுதான் ஒழுகும். அதுக்காக நாங்க தண்ணியில ஒரு மருந்து ஊத்துவோம். தண்ணியில இருக்குற ஆக்ஸிஜன் இரும்பப் பிடிக்கிறதுக்கு முன்னாடி அந்த மருந்து போய் அதைப் பிடிச்சுக்கும். மருந்து அழிஞ்சுடும், குழாய் பொழைச்சுக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மருந்து பேரு என்ன?"

சொன்னேன். கையில் இருந்த காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். ஒரு டாக்டர் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டது அதுதான் முதலும் கடைசியும்.

"நம்ம உடம்புலயும் அதே மாதிரி தன்னக் குடுத்து மத்ததக் காப்பாத்துற சிலது இருக்கு," என்றார். "வைட்டமின் சி, வைட்டமின் ஈ. எலிகள பயமுறுத்தி, வயித்துல இந்த மாதிரியே அரிப்பு வரவெச்சு, அதுக்கு முன்னாடியே வைட்டமின் ஈ குடுத்தா எவ்வளவு குறையுதுன்னு வெளிநாட்டுல பாத்துக்கிட்டு இருக்காங்க."

"எங்கிட்ட இருக்குங்க. மாமிக்கு வாங்குனேன். ஒரு குப்பி."

அவர் முகம் மாறியது. ஆசிரியை பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எலின்னு சொன்னேன். மனுஷங்கன்னு சொல்லல. அதுவும் முன்னாடியே குடுத்த எலி. வந்ததுக்கு அப்புறம் குடுத்தா கேக்குமான்னு யாருக்கும் தெரியாது. ரத்தம் வடியுற நேரத்துல அதைத் தொடவே கூடாது. இங்க குடுக்குற மாத்திரைதான் மருந்து. ஆறு வாரம் கழிச்சு, வேணும்னா தினம் ஒண்ணு போட்டுக்கட்டும். கெடுதல் இல்ல. அதுதான் சரிபண்ணுச்சுன்னு மட்டும் ஊர்ல போய்ச் சொல்லிடாதீங்க."

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளையாக ஒரு திரவ மருந்தும் கொடுத்தார்கள். தலைவலி மாத்திரை கூடாது, நோன்பு கொஞ்ச காலத்துக்குக் கூடாது. அந்தத் திரவ மருந்து எதற்கு என்று கேட்டபோது மருத்துவர் இன்னொன்று சொன்னார். வயிற்றில் ஊறும் அமிலம் என்ன அமிலம் என்று சொன்னார். அதே அமிலத்தைத்தான் கப்பலில் குளிர்விக்கும் குழாய்களில் படியும் உப்பைக் கரைக்க ஊற்றுவோம். ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கவசமும் இல்லாமல் அந்த வாளி அருகே போனால் செகண்ட் எஞ்சினியர் திட்டுவார். அதை நாம் ஒவ்வொருவரும் வயிற்றில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். வாழை இலையைவிட மெல்லிய ஒரு சவ்வு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சவ்வு சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கிறதாம். யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மாமி அவள் தலையை மடியில் வைத்துக் கோதிவிட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும்னுதான் உம்மா."

"எனக்கு ஆகவேண்டியத நீ வாங்கிக்கிட்டியா," என்றார் மாமி. கோபமாகத்தான் சொன்னார். அதன்பின் அந்த வீட்டில் ரேடியோ கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி இருந்தது.

அந்த ஆறு வாரமும் அவளை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழைந்த சோறு, மோர், வேகவைத்த மீன். அவள் சாப்பிடும்போது ஒவ்வொரு கவளமும் போய் இறங்கும் இடம் எனக்குத் தெரியும். அந்த அறையும் மடிப்புகளும் நினைவுக்கு வரும். ஒருநாள் அவள் கேட்டாள்.

"என்ன மச்சான் அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. உள்ள எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு? எத்தனை தடவை கேட்டாலும் சிவப்பா இருந்துச்சு, சிவப்பா இருந்துச்சுங்குறீங்க. என் வயிறு. எனக்குத்தான் தெரியல."

ஆறு வாரம் கழித்துப் பாண்டிச்சேரிக்குப் பேருந்தில் போனோம். இந்த முறை அவள் தூக்க ஊசி வேண்டாம் என்றாள். தொண்டை மரத்தால் போதும், கண் விழித்திருக்க வேண்டும் என்றாள். மருத்துவர் அவளை உற்றுப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

குழாய் உள்ளே போனது. அவளுக்குக் குமட்டியது, கண்ணில் நீர் வந்தது. தலையணை ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். மருத்துவர் பார்த்தார். என்னைப் பார்க்கச் சொன்னார். புள்ளிகள் இல்லை. உறைந்த கறுப்பு இல்லை. கீறல் இருந்த இடம் எது என்று நானே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. சுவர் முழுக்க ஒரே நிறம், ஒரே மினுக்கம். தழும்புகூட இல்லை. என் கையில் ஸ்பானர் நழுவிப் பட்ட காயத்தின் வடு பத்து வருடமாக இருக்கிறது. இவளுக்கு ரத்தம் கொட்டிய இடத்தில் ஒரு வடு இல்லை.

பிறகு அந்த மருத்துவர் செய்ததை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. மாணவர்கள் பார்க்கும் பக்கக் குழாய் வளையக்கூடியது. அதை மெல்ல வளைத்து, படுத்திருந்தவளின் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஒரு கண்ண மூடிக்குங்க. இதுக்குள்ள பாருங்க. அது நீங்கதான்."

வாயில் குழாய் இருந்ததால் அவளால் பேச முடியாது. பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நர்ஸ் வேலையை நிறுத்திவிட்டு நின்றாள். என் மனைவி மூச்சு விடும்போது உள்ளே சுவர் ஏறி இறங்குவதை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வேண்டுமென்றே மூச்சை நிறுத்தினாள். நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டாள். தலையணையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்தக் கை மெல்ல நகர்ந்து தன் வயிற்றின்மேல் போய் அமர்ந்தது.

திரும்பும் வழியில், கடலூர் தாண்டியதும் அவளாகவே சொன்னாள். "பிள்ள பொறந்தப்போ அது கத்தும்போது வாய்க்குள்ள பாத்தேன். அந்த மாதிரி இருந்துச்சு. பச்சப்பிள்ள மாதிரி." கொஞ்ச நேரம் கழித்து, "நான் அதைப் போட்டு இவ்வளவு பாடுபடுத்தியிருக்கேன். அது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம சரிபண்ணி வெச்சிருக்கு," என்றாள்.

அந்தப் பொன்னிற மாத்திரைகளை அதற்குப் பிறகு தினம் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். மாமியும் போட்டுக்கொண்டார். மாமியின் முட்டிவலி அப்படியேதான் இருந்தது. என் மனைவிக்கு அந்த நோய் திரும்ப வரவில்லை. அது மாத்திரையாலா, தலைவலி மருந்தை விட்டதாலா, இனி எதையும் தனியாகச் சுமக்காமல் மாமியோடு சேர்ந்து கவலைப்பட்டதாலா, எனக்குத் தெரியாது. பின்னாளில் வயிற்றுப் புண் பலவற்றுக்கு ஒரு கிருமிதான் காரணம் என்று சொன்னார்கள். வைட்டமின் குப்பிகளில் எழுதியிருப்பதையெல்லாம் நம்ப வேண்டாம் என்றும் சொன்னார்கள். சொல்லட்டும். அந்த மருத்துவரே தெரியாது என்றுதானே சொன்னார். தெரியாது என்பதை அவ்வளவு அழகாகச் சொன்ன ஒருவரை நான் பிறகு சந்திக்கவில்லை. ஊரில் யார் கேட்டாலும், அதுதான் சரிபண்ணியது என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வருடம் நான் மறுபடி கப்பலுக்குப் போனேன். போகத்தான் வேண்டும், எனக்கு வேறு தொழில் தெரியாது. கிளம்புவதற்குமுன் கம்பெனிக்காரர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கப்பல் எங்கே நின்றாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டாவது, வீட்டுக்கு ஒரு வரித் தந்தி போக வேண்டும். ஒரு ஃபிட்டருக்கு எதற்கு இந்த நிபந்தனை என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார். என் மனைவியின் இரைப்பையை நான் உள்ளே பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்காருங்க என்று நாற்காலியைக் காட்டி, முழுக்கச் சொல்லச் சொன்னார்.